இரங்கல் பக்கத்தில் ஒரு மகனுக்கு இடம்

பாலம் காலை ஆறு மணிக்கு இடிந்து விழுந்தது. அது விழுவதற்கு அரசாங்கம் மாலை நான்கு மணிக்குத்தான் இசைவு தந்தது. இடைப்பட்ட பத்து மணி நேரமும் அந்தப் பாலம், சட்டத்தின் கண்ணில், கால்வாயின் மேல் நெஞ்சு நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தது. அமைச்சர் நாடா வெட்டித் திறந்துவைத்து ஏழே வாரங்கள் ஆன பாலம் வேறெப்படி நிற்கும்? நின்றுகொண்டிருந்த அந்தப் பாலத்தைப் பற்றி, காலை ஒன்பதே காலுக்கு, "பாலம் விழுந்துவிட்டது; அடியில் மனிதர்கள் கிடக்கிறார்கள்" என்று தன் செய்தித் தளத்தில் எழுதினான் வஜ்தி பஸ்யூனி. நிற்பதை விழுந்தது என்றான். ஆகவே பொய்ச் செய்தி பரப்பினான். ஆகவே சிறை சென்றான். மாலையில் அரசாங்கமே பாலம் விழுந்ததை ஒப்புக்கொண்ட பிறகு அவனை விட்டுவிடலாமே என்று வாதாடினார் அவனுடைய வழக்கறிஞர்.

"விழுந்தது நாலு மணிக்கு. இவர் எழுதுனது ஒன்பதே காலுக்கு. ஆறே முக்கால் மணி நேரம் முன்னாடியே இவருக்கு எப்படிய்யா தெரிஞ்சது?" என்று கேட்டார் அரசு வழக்குரைஞர். பொய்ச் செய்தியோடு சதி என்ற குற்றமும் அன்றைக்கே சேர்ந்தது.

அது நடந்து மூன்று ஆண்டுகள். வழக்கு இன்னும் தொடங்கவில்லை. நாற்பத்தைந்து நாளைக்கொருமுறை காவல் மட்டும் நீண்டது. பதினான்கு மாதங்களாக வீட்டாரும் வழக்கறிஞரும் சென்று பார்க்கவும் தடை. கடிதம் உள்ளே போகாது, வெளியே வராது. வெளியுலகச் செய்தியாக அந்தச் சிறை அறைக்குள் நுழையும் உரிமை பெற்றது ஒன்றே ஒன்று, அரசாங்க நாளேடு. கைதிகளின் அறியாமையைப் போக்கும் பொருட்டு அறைக்கு ஒரு படி, நாள் தவறாமல்.

இந்த நிலையில், ஒரு திங்கட்கிழமை விடியலில், ஷுப்ரா பகுதியில் இருந்த வீட்டில் வஜ்தியின் தந்தை ஹாஜி பஸ்யூனி கண்ணை மூடினார். தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தெருவாரியாகக் கடிதம் பிரித்தவர். அன்று நண்பகலிலேயே நல்லடக்கம் முடிந்தது. புதன்கிழமை மாலை பள்ளிவாசல் மண்டபத்தில் துக்கம் கேட்பு. அதற்கு முன் புதன் காலை நாளேட்டில் இரங்கல் அறிவிப்பு வந்தாக வேண்டும். அறிவிப்பில் பிள்ளைகள், உடன்பிறந்தோர், சம்பந்திகள் அத்தனை பேரும் அவரவர் பதவியோடு அணிவகுக்க வேண்டும். அந்த அணிவகுப்பு இல்லாமல் அந்த ஊரில் எவரும் முழுதாகச் சாவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மூத்த மகன் ரிஃபாத் கிளம்பினான். வயது நாற்பத்தாறு, வீடு வீடாகச் சென்று தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. வாழ்நாளில் எந்த அதிகாரியையும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன். குழாய் ஒழுகுவதைக்கூட மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்வான்.

வாசலில் அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"யார் பேரு விட்டுப் போனாலும் போகட்டும். வஜ்தி பேரு வரணும்."

"போட்டுடறேம்மா."

"தலையாட்டாத, காதுல வாங்கு. அந்த ஜெயில்லேருந்து வந்த பையன் என்ன சொன்னான்? அவன் அறையில ஒரு பெரியவரு, அவரோட அம்மா மௌத்தானத பேப்பர்ல பாத்தாரு. அஞ்சு அண்ணன் தம்பி பேரும் இருந்துச்சு, இவரு பேரு இல்ல. மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு வரணும்னு எடுத்துட்டாங்க. அன்னைலேருந்து அந்த மனுஷன் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தவருதான். நாலு மாசம் ஒரு சொல்லு இல்ல. அஞ்சாவது மாசம் அவரே இல்ல." அவள் பிடியை விடவில்லை. "வஜ்தி அந்தப் பக்கத்தைத்தான் மொதல்ல படிப்பான். அந்தப் பேப்பர்ல உண்மையா இருக்கறது செத்தவங்க மட்டுந்தானே?"

நாளேட்டு அலுவலகத்தில், அறிவிப்புச் சாளரத்தின் பின்னால் மதாம் அஃபாஃப் அமர்ந்திருந்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக அந்த நகரத்தின் சாவுகள் அவளுடைய பென்சில் முனை வழியாகத்தான் அச்சுக்குப் போயின. ரிஃபாத் நீட்டிய தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

"அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும். மூத்த மகன் யாரு?"

"நான்தாங்க. ரிஃபாத். தண்ணி மீட்டர் படிக்கிறேன்."

"குடிநீர் நிறுவனத் தொழில்நுட்பர்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"வெறுமனே படிக்கத்தான் செய்வேன், மதாம்."

"மீட்டர் என்ன கதைப் புஸ்தகமா? சும்மா இருங்க. துக்க வீட்டுல எல்லாருக்கும் ஒரு படி ஏத்தித் தருவோம். அது இங்கத்த வழக்கம். அடுத்தது, காலமானவரோட தம்பி... பிரிகேடியர் ஷாகிரா!" அவளுடைய முதுகு நிமிர்ந்தது. "இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? நல்ல குடும்பம். சரி, இளைய மகன் வஜ்தி. பத்திரிகையாளர். எந்தப் பத்திரிகை?"

"இப்ப... ஜெயில்ல இருக்கான்."

பென்சில் நின்றது. மதாம் அஃபாஃப் இருபுறமும் பார்த்துவிட்டு, முதல் நாள் நாளேட்டை எடுத்து முதல் பக்கத்தை அவன்முன் விரித்தாள். நம் நாட்டுச் சிறைகளில் ஒரு பத்திரிகையாளர்கூட இல்லை என்று அரசின் பேச்சாளர் அறிவித்த செய்தி, ஐந்து பத்தி அகலத்தில் மின்னியது.

"நேத்து மொதப் பக்கத்துல இல்லைன்னோம். நாளைக்குப் பதினாறாம் பக்கத்துல இருக்காருன்னா எப்படிங்க?"

"ஜெயில்னு போட வேண்டாம், மதாம். பத்திரிகையாளர்னு மட்டும் போடுங்க."

"பத்திரிகையாளர்னா எங்க எழுதறாருன்னு கேப்பாங்க. எழுதலைன்னா ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வியே வதந்தி."

"அப்ப வேலையே போடாதீங்க. வெறும் வஜ்தி."

"வேலையில்லாத மகனா?" அவள் உண்மையாகவே அதிர்ந்தாள். "நாட்டுல வேலையில்லாதவங்களே கிடையாதுன்னு மூணாம் பக்கத்துல தொடரா வந்துட்டிருக்கு. என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யுங்க. அவரு பத்திரிகையாளர்தான்னு சங்கத்துலேருந்து ஒரு தாள் கொண்டாங்க. இல்லைன்னா, அவரு என்னவா இருக்காருன்னு சிறைத் துறையிலேருந்து ஒரு தாள். ரெண்டுல ஒண்ணு போதும். அஞ்சு மணிக்குச் சாளரம் மூடிருவேன்."

பத்திரிகையாளர் சங்கத்தின் மண்டபச் சுவரில், சங்கிலியை அறுத்துக்கொண்டு வானில் பாயும் பேனா ஒன்று பித்தளையில் வார்க்கப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே, வருகைப் பதிவேட்டின் பக்கத்தில், எழுதுவதற்கென்று வைத்திருந்த பேனாவை மேசையோடு சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ரிஃபாத் அந்தப் பேனாவால், சங்கிலி எட்டிய தூரம்வரை, தன் பெயரை எழுதினான்.

செயலாளர் உஸ்தாத் நஷ்அத் அவனை எழுந்து நின்று வரவேற்றார். பஸ்யூனி என்ற பெயரைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார்.

"வஜ்தியோட அண்ணனா? உக்காருங்க, உக்காருங்க. காப்பி சொல்லட்டுமா? என்ன எழுத்து, என்ன துணிச்சல்!"

ரிஃபாத்துக்குக் கண் கலங்கியது. "உஸ்தாத், என் தம்பி பத்திரிகையாளன்னு ஒரே ஒரு வரி எழுதித் தாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"உறுப்பினரா?"

"மனு போட்டிருந்தான்."

கோப்பு வந்தது. உஸ்தாத் நஷ்அத் அதைத் திறந்து, நோயாளியின் நாடியைப் பார்க்கும் முகத்தோடு பார்த்து, மூடினார்.

"பாருங்க, உறுப்பினர் ஆகணும்னா நடப்புல இருக்கற பத்திரிகையில வேலை பாக்கணும். இவரோட தளத்தை முடக்கியாச்சு. முடக்குன தளம் நடப்புல இல்ல."

"யாரு முடக்குனாங்க?"

"அது சங்கத்தோட எல்லைக்கு வெளியில."

"உங்களுக்கு அவனைத் தெரியுமே, உஸ்தாத். இப்பத்தானே என்ன எழுத்துன்னு சொன்னீங்க?"

"வாசகனா சொன்னேன். செயலாளரா சொல்லலையே." ஆனால் அந்தக் கேள்வி அவருடைய உணர்ச்சியைத் தொட்டுவிட்டது. மேசையைச் சுற்றி வந்து, மேடைக்கு ஏறுபவர்போல் ஒரு காலை முன்வைத்தார். குரல் மாறியது. "கேளுங்கள் தோழரே! சிறைப்பட்ட ஒவ்வொரு பத்திரிகையாளனுக்காகவும் உயிரைத் தரச் சித்தமாக இருக்கிறது இந்தச் சங்கம்! ஆனால் யாருக்காகத் தருவது? எங்கள் உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சிறையில் இல்லையே! ஏன் இல்லை? சிறை புகும் நாளிலேயே ஒருவரின் உறுப்புரிமை நின்றுவிடுகிறது. உறுப்புரிமை நின்றவர் உறுப்பினர் அல்லர். உறுப்பினர் அல்லாதவரைப் பத்திரிகையாளர் என்று அழைப்பது சட்டப்படி ஆள்மாறாட்டம். இருபது ஆண்டுகளில் ஒரே ஓர் உறுப்பினரைக்கூடச் சிறைக்குப் பறிகொடுக்காத சங்கம், உலகத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்க்கலாம்!"

வாசலில் நின்ற காப்பி கொண்டுவருபவர் பழக்கத்தின் காரணமாகக் கை தட்டினார்.

"இருந்தாலும் உங்களுக்காக ஒரு வழி சொல்றேன்" என்று உஸ்தாத் நஷ்அத் மீண்டும் மனிதராக இறங்கி வந்தார். "வஜ்தியை நேர்ல வரச் சொல்லுங்க. ரெண்டு போட்டோ, ஒரு கையெழுத்து. நானே முன்மொழியறேன்."

"அவன் வெளியில வந்தாத்தானே, உஸ்தாத்?"

"வெளியில வந்துட்டாப் பிரச்சினையே இல்லையே!"

படியிறங்கும்போது தொலைபேசி அடித்தது. சித்தப்பா பிரிகேடியர் ஷாகிர்.

"ஏண்டா, அறிவிப்புல அந்தப் பய பேரைப் போடறியாமே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும், சித்தப்பா?"

"பேப்பர்லேருந்து கூப்பிட்டுச் சொன்னாங்க. அவங்களுக்கு இருக்கற மரியாதை உனக்கு இல்ல. நல்லாக் கேட்டுக்கோ. அவன் பேரு வந்த தாள்ல என் பேரு வரக் கூடாது. என் பேரு வேணும்னா அவன் பேரு கூடாது. செத்தது என் அண்ணன். நான் அழுதுகிட்டுதான் சொல்றேன், தெரியுதா?"

அழுகை கேட்கவில்லை, பின்னணியில் பந்தாட்ட ஒலிபரப்பு கேட்டது. ரிஃபாத் பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் தாய்மாமன் மகனான நீதிபதி தன் பெயரை எடுத்துக்கொண்டார். அமைச்சக வேலையில் இருந்த தங்கை கணவன், தன் பெயரோடு தங்கையின் பெயரையும் எடுத்துக்கொண்டான். பேருந்து ஏறியபோது ஒன்றுவிட்ட பெரியப்பாவின் மகளான பல் மருத்துவரும் விலகினாள். வஜ்திக்கு ஓர் இடம் கேட்கப் போனதில், இறந்தவரின் சுற்றம் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்தது. உயிரோடிருக்கும் ஒருவனின் பெயருக்கு இத்தனை பேர் அஞ்சினால், அந்தப் பெயரைப் பூட்டி வைத்திருக்கும் அரசாங்கம் எவ்வளவு அஞ்சும்! இப்படியொரு எண்ணம் ரிஃபாத்தின் தலைக்குள் எழுந்தது. அவன் பதறிப்போய் அதை அங்கேயே அடக்கிவிட்டு, பேருந்தில் பக்கத்தில் நின்றவரிடம் காரணமின்றி மன்னிப்புக் கேட்டான்.

சிறைத் துறை அலுவலகத்தில் கர்னல் அஷ்மாவி அவனை மூன்று மணிக்கு உள்ளே விட்டார். சுவரெங்கும் வண்ணப்படங்கள்: ரொட்டி சுடும் கைதிகள், பந்து விளையாடும் கைதிகள், ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கைதிகள். எல்லாப் படத்திலும் ஒரே நான்கு பேர்தான் இருந்தார்கள்.

"பாஷா, என் தம்பி சிறையில..."

"இந்த நாட்டுல சிறை கிடையாது" என்றார் கர்னல், கண்டிப்பான கனிவோடு. "போன வருஷமே பேரை மாத்தியாச்சு. சீர்திருத்த இல்லம். உள்ள இருக்கறவன் கைதி இல்ல, இல்லவாசி. காவலர் இல்ல, வழிகாட்டி. தனிமைச் சிறையும் கிடையாது, சிந்தனை அறை."

ரிஃபாத்தின் நெஞ்சில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. "அப்ப என் தம்பி வஜ்தி பஸ்யூனி இல்லவாசின்னு ஒரு தாள் தாங்க, பாஷா. பேப்பர்ல அப்படியே போட்டுக்கறோம்."

கர்னல் சாய்ந்துகொண்டார். "அவன் இங்க இருக்கான்னு நான் உறுதியும் சொல்ல முடியாது, இல்லைன்னு மறுக்கவும் முடியாது."

"பாஷா, மூணு வருஷமா எங்கம்மா முலூக்கியாக் கீரையும் சோறும் கட்டிக் குடுத்தனுப்பறாங்க. உங்க வாசல்ல வாங்கிக்கறாங்களே!"

"சாப்பாடு வாங்கிக்கறோம். யாரு சாப்பிடறான்னு கேக்கறதில்ல. அது இல்லவாசியோட அந்தரங்கம். அந்தரங்கத்தை இந்தத் துறை மதிக்குது."

ரிஃபாத் தொப்பியைக் கையில் திருகினான். "அப்ப ஒரு உதவி மட்டும் செய்ங்க. அப்பா போயிட்டாருன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, பாஷா. யாராவது ஒரு வழிகாட்டி, போற போக்குல சொன்னாக்கூடப் போதும்."

கர்னல் அஷ்மாவி எழுந்து சன்னலருகே போனார். அவர் குரலில் நிஜமான ஈரம் இருந்தது. அதுதான் அவரிடம் ரிஃபாத்தை மிகவும் அச்சுறுத்தியது.

"எங்கப்பா செத்தப்ப எனக்கு மூணு நாள் லீவு குடுத்தாங்க. அந்த மூணு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தூக்கமில்ல, சாப்பாடு இறங்கல. அப்பவே முடிவு பண்ணேன்: என் பொறுப்புல இருக்கற ஒருத்தனுக்கும் இந்த வேதனை வரக் கூடாதுன்னு. அதுக்காகத்தான் சந்திப்பையே நிறுத்தினேன். வீட்டுச் செய்தி வந்தா மனசு கெடுது. செய்தியே இல்லைன்னா துக்கமே இல்ல. என் இல்லத்துல இருக்கற நாலாயிரம் பேருல ஒருத்தனுக்குக்கூட அப்பா சாகல. வெளியில இருக்கறவங்களால இப்படிச் சொல்ல முடியுமா?"

முடியாதுதான். ரிஃபாத் ரோஜாச் செடி படம் போட்ட வழவழப்பான கையேடு ஒன்றைப் பரிசாகப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தான்.

நாளேட்டு அலுவலகத்தை அவன் மறுபடி அடைந்தபோது மணி நான்கு இருபது. அவன் முகத்தைப் பார்த்த மதாம் அஃபாஃப் ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போய், இரங்கல் பக்கத்தின் ஆசிரியர் உஸ்தாத் ஹில்மியின் முன்னால் அமர வைத்தாள். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, எவருடைய மனத்தையும் நோகடிக்காத புன்னகை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், ரிஃபாத்தின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"இதுக்கா இவ்வளவு அலைச்சல்? ஒரே ஒரு சொல்லு சேத்தாத் தீர்ந்துது. 'மறைந்த வஜ்தியின் தந்தை'ன்னு போட்டுருவோம்."

"அவன் உயிரோட இருக்கானே, உஸ்தாத்!"

"இருக்கட்டுமே, யாரு வேணாங்கறா? நான் சொல்றது பக்கத்துக்கு. எங்க விதியெல்லாம் உயிரோட இருக்கறவங்களுக்குத்தான். அவங்க பதவியைச் சரிபாக்கணும், நடத்தையைச் சரிபாக்கணும், பாதுகாப்புப் பிரிவு கையெழுத்துப் போடணும். செத்தவங்களுக்கு ஒரு சோதனையும் கிடையாது. இந்த நாட்டுல முழு எழுத்துச் சுதந்திரம் இருக்கற ஒரே பக்கம் இதுதான், தெரியுமோ? போன வருஷம் ஒரு பொட்டுக்கடலை வியாபாரியைக் கவிஞர்னு போட்டோம். யாரு வந்து கேட்டா? உங்க தம்பியையும் மறைந்தவர் ஆக்கிட்டா, நீங்க விரும்பினா மாபெரும் பத்திரிகையாளர்னே போடலாம். சிலை வைக்கச் சொல்லித் தலையங்கம்கூட எழுதலாம். செத்த எழுத்தாளர்னா எங்க ஆசிரியருக்கு உயிர்."

ரிஃபாத் தாழ்வாரத்துக்கு வந்து அம்மாவை அழைத்தான். கர்னல் சொன்னதையும் உஸ்தாத் ஹில்மி சொன்னதையும் அப்படியே ஒப்பித்தான்.

"ஒருத்தரை நேத்துதான் மண்ணுல வச்சோம். இன்னொருத்தனை நீ காகிதத்துல வைக்கப் போறியா?"

"அஞ்சு மணிக்கு மூடிருவாங்கம்மா."

"மூடட்டும். அவன் தன் மௌத்தைத் தானே படிக்கணுமா? அதுக்கு அந்தக் கர்னலே தேவலை."

நான்கு நாற்பது. தாழ்வாரத்தின் மறுகோடியில் அச்சு இயந்திரங்கள் உருளத் தொடங்கும் ஓசை கேட்டது. ரிஃபாத் சுவரில் சாய்ந்து நின்றான். செத்தவர்களுக்குச் சோதனை இல்லை. செத்தவர் யார்? அப்பா. அப்பாவின் வேலை அப்பாவுடையது. அப்பாவின் பெயரும் அப்பாவுடையதுதான்.

அவன் திரும்பி உள்ளே போனான்.

"உஸ்தாத், காலமானவரை ஜனங்க கூப்பிடற பேர்லயே போடலாமா?"

"தாராளமா. முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் போடறாங்க. அபூ இன்னார்னு."

அந்தத் தெருக்களில் முதல் மகன் பிறந்த நாளிலேயே தகப்பனின் சொந்தப் பெயர் பின்னுக்குப் போய்விடும். இன்னாரின் தந்தை என்ற பொருளில், அபூ என்பதோடு அந்த மகனின் பெயரைச் சேர்த்துத்தான் காய்கறிக்காரன் முதல் இமாம்வரை அவரை அழைப்பார்கள். தாய் உம்மு இன்னார் ஆவாள். நாற்பத்தாறு ஆண்டுகளாக ஹாஜி பஸ்யூனி அபூ ரிஃபாத்தாகத்தான் இருந்தார். ரிஃபாத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த பதவி அது ஒன்றுதான். எந்தத் தேர்வும் எழுதாமல், எவரையும் கெஞ்சாமல், பிறந்த ஒரே தகுதிக்காகக் கிடைத்தது.

தொலைபேசியை மீண்டும் எடுத்தான். "அம்மா, அப்பாவை அபூ வஜ்தின்னு போடப் போறேன்."

"அப்ப நீ?"

"நான் மகன்னு வந்தா, மூத்தவன் இருக்க எளையவன் பேரு ஏன்னு கேள்வி வரும். என் பேரை எடுத்துடறேன்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே வைக்கப்படும் ஓசை. பிறகு அம்மாவின் குரல் வந்தது, பிசிறில்லாமல்.

"போடு. வர்றவங்ககிட்ட நான் உம்மு வஜ்தின்னு சொல்லிக்கறேன். நீ கோவிச்சுக்காத, ராசா."

நான்கு ஐம்பத்தைந்துக்குச் சாளரத்தில் புதிய தாளை நீட்டினான். அபூ வஜ்தி ஹாஜி பஸ்யூனி, தபால் துறை. பிரிகேடியர் ஷாகிரின் தமையனார். நீதிபதி இன்னாரின் அத்தை கணவர். தங்கையைத் தவிர, விலகிப்போன சுற்றம் முழுதும் வரிசைக்குத் திரும்பியிருந்தது. பிள்ளைகள் என்ற வரிதான் இல்லை. மதாம் அஃபாஃப் முதல் வரியில் பென்சிலை வைத்தாள். காலையில் தானே எழுதிய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மூத்த மகன் நீங்கதானே?"

"இல்ல, மதாம். நான் மீட்டர் படிக்க வந்தவன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதை மறுபடி மாட்டிக்கொள்ளும் முன்பே கை தானாகவே முத்திரையைத் தேடி எடுத்து, தாளின் மேல் ஓங்கிக் குத்தியது.

மறுநாள் மாலை பள்ளிவாசல் மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. அபூ வஜ்தி என்று யாரோ இறந்துவிட்டதாகத் தெருவார் எண்ணிக்கொண்டார்கள். வந்தவர்கள் சர்க்கரையில்லாக் காப்பியைக் குடித்துவிட்டு, ஓதுபவரின் குரலுக்கு அடியில் மெல்லக் கிசுகிசுத்தார்கள். பிரிகேடியர் ஷாகிர் நாளேட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். உளவுப் பிரிவில் பதினாறு ஆண்டுகள், பத்திரிகைகளைப் படித்து உட்பொருள் காணும் பொறுப்பில் இருந்தவர் அவர்.

"ரெண்டு தடவை படிச்சேன்" என்று ரிஃபாத்தின் தோளை அழுத்தினார். "சுத்தமான அறிவிப்பு. அந்தப் பய பேரு எங்கயும் இல்ல. இப்பத்தாண்டா நீ மனுஷன் ஆயிருக்க."

வஜ்தி அதைப் படித்தானா? படித்திருந்தால் புரிந்துகொண்டானா? பிள்ளைகள் வரி இல்லாததைப் பார்த்து அவனும் சுவரின் பக்கம் திரும்பிவிட்டானா? பதினோரு நாட்கள் அந்த வீட்டில் எவரும் இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காவல் நீட்டிப்பு விசாரணை வந்தது. வழக்கறிஞரின் கோப்புகளைச் சுமப்பவனாக ரிஃபாத் நீதிமன்றத்துக்குள் நுழைந்து கடைசி வரிசையில் அமர்ந்தான்.

குற்றம் சாட்டப்பட்டவர்களை நேரில் கொண்டுவரும் பழைய காட்டுமிராண்டி வழக்கம் ஒழிந்துவிட்டது. சுவரில் ஒரு பெரிய திரை; திரைக்குள் சிறையின் ஓர் அறை; அறைக்குள் வெள்ளுடையில் சிலர். ஒலியை எழுத்தர் அணைத்து வைத்திருந்தார், நீதிமன்றத்தின் அமைதி கெடாதிருக்க. நீதிபதி பெயரைச் சொல்வார். திரையில் ஒருவர் எழுந்து வாயசைப்பார். "நாற்பத்தைந்து நாள்" என்பார் நீதிபதி. ஒருவருக்கு அரை நிமிடம் ஆயிற்று.

"வஜ்தி பஸ்யூனி."

திரையில் வஜ்தி எழுந்தான். தாடி நரைத்திருந்தது, தோள் எலும்பு துணியைக் குத்திக்கொண்டு நின்றது. அவன் படக்கருவியைப் பார்த்து வாயசைக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் போய், சுவரை ஒட்டி, விறைப்பாக நின்றான். இடக்கையை நெஞ்சில் வைத்து வலக்கையை நீட்டினான். துக்கம் கேட்க வருவோரைப் பள்ளிவாசல் வாயிலில் நின்று பிள்ளைகள் ஏற்கும் முறை அது. அடுத்திருந்தவர் எழுந்து வந்து அவன் கையைப் பற்றினார், தோளில் முத்தமிட்டார், நகர்ந்து போய்ச் சுவரோரம் அமர்ந்தார். அவருக்குப் பின் ஒருவர். அவருக்குப் பின் இன்னொருவர். ஓசையே இல்லாமல் வரிசை நகர்ந்தது.

கதவுக்கும் வஜ்திக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வரிசையில் முதலிடம், மூத்த மகன் நிற்க வேண்டிய இடம். வந்தவர் ஒவ்வொருவரும் முதலில் அந்த வெற்றிடத்தின் முன் நின்று தலை தாழ்த்தி, அதன் பிறகே வஜ்தியின் கையைப் பிடித்தார்கள்.

கடைசி வரிசையில் ரிஃபாத்தின் மடியிலிருந்து கோப்புகள் சரிந்தன.

"என்ன நடக்குது அங்க?" என்றார் நீதிபதி.

"கை குடுத்துக்கறாங்க, ஐயா" என்றார் எழுத்தர்.

"எத்தனை பேரு?"

எழுத்தர் திரையருகே போய் விரலால் எண்ணினார். "ஒன்பது பேரு."

நீதிபதியின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. சட்டப்படி பத்துப் பேர் சேர்ந்தால்தான் அனுமதியில்லாக் கூட்டம். ஒன்பதுவரை வெறும் மனிதர்கள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து திரையை உற்றுப் பார்த்தார்.

"கதவுகிட்ட எதுக்குக் குனியறாங்க?"

"அங்க யாரும் இல்லீங்க. காலி இடம்."

"யாரும் இல்லாத இடத்துக்கு ஒன்பது பேரு எதுக்குய்யா மரியாதை பண்ணணும்? மரியாதை இருந்தா ஆள் இருக்கான்னு அர்த்தம். ஆள் கண்ணுக்குப் படலைன்னா?" அவர் பேனாவை எடுத்தார். "எழுதிக்கோ. பத்துப் பேர் அனுமதியின்றிக் கூடினர். ஒன்பது பேர் மீது புதிய வழக்கு, தலைக்கு நாற்பத்தைந்து நாள். பத்தாவது நபர், கூட்டத்தின் தலைவன், தலைமறைவு."

எழுத்தர் எழுதினார். "பேரு என்னன்னு போடறது, ஐயா?"

நீதிபதி அவையை நோக்கினார். "அந்த இடத்துல நிக்க வேண்டியவன் யாருன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

வழக்கறிஞர் ரிஃபாத்தின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். ரிஃபாத் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டு எழுந்து நின்றான்.

"தெரியும், ஐயா. ரிஃபாத் பஸ்யூனி. மூத்த மகன். நான்தான்."